கண்ணாடிப் பை தைக்க மாட்டோம்

2019இல் அந்த ஈஸ்டர் ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் கடையில் புத்தகப்பை தைத்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம்தான் இரண்டாம் தவணைக்குப் பள்ளிக்கூடம் திறக்க இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது வழக்கமில்லை. ஆனால் சொன்ன நாளுக்குப் பையைக் கொடுக்காவிட்டால் எங்கள் மாதிரிக் கடைக்கு இன்னொரு தடவை யாரும் வரமாட்டார்கள்.

கடை என்றால் ஒரே ஒரு அறை. மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பக்கத்தில் ஒரு சின்னக் கடைத்தெரு. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சலூன், சலூனுக்குப் பின்னால் நாங்கள். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. நான் இன்னும் அங்கேதான் தொழில் செய்கிறேன். இதில் வருகிறவர்களில் பாதிப் பேரை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

பதினெட்டு வயதில் கட்டுநாயக்கவுக்குப் போனவள் நான். பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை. ஒன்பது வருடம் நான் தைத்தது தோள்பட்டி மட்டும்தான். அதிலும் இடது பட்டி. வலது பட்டியைப் பக்கத்து மெஷினில் இருந்தவள் தைத்தாள். ஒரு முழுப் பையை நான் தைத்ததே இல்லை. ஊருக்குத் திரும்பி வந்ததும் ஒரு பழைய பையை வாங்கி, தையலை எல்லாம் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் பரப்பி, அதைத் திரும்பவும் பையாக்கினேன். பதினொரு நாள் பிடித்தது. இனி யாருக்குக் கீழும் வேலை செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என்னோடு வேலை செய்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருப்பவர். சொந்த அக்கா இல்லை, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மலையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்த பிறகு அவரால் இரண்டு கையாலும் கொழுந்து பறிக்க முடியவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் கணக்கப்பிள்ளை அவரைத் திட்டிய அன்று, கூடையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். வலது கை நன்றாகத்தான் இருந்தது. ரெக்சினையும் கன்வஸையும் ஒரு நூல் பிசகாமல் வெட்டுவார். அவர் வெட்டுவார், நான் தைப்பேன். அப்படித்தான் எங்கள் தொழில் நடந்தது.

சலூன்காரர் திடீரென்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். கொழும்பில் ஒரு தேவாலயத்தில் குண்டு வெடித்தது என்றார்கள். பிறகு நீர்கொழும்புப் பக்கம் இன்னொன்று. பிறகு ஹோட்டல்கள். நான் மெஷினை நிறுத்தினேன். நீர்கொழும்புக்குப் பக்கத்தில், கட்டுநாயக்கவில் நான் தங்கியிருந்த போர்டிங் வீட்டு அம்மா கத்தோலிக்கர், சிங்களவர். ஒன்பது வருடமும் என்னை மகள் மாதிரிப் பார்த்துக்கொண்டவர். திரும்பத் திரும்பப் போன் எடுத்தேன். பின்னேரம்தான் கிடைத்தார். அவருடைய தங்கை பூசைக்குப் போயிருந்தார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைப் பார்த்து, இவளுக்கு அந்த வலி என்ன தெரியும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டபோதெல்லாம் நான் அந்தத் தங்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் வழக்குக்குச் சாட்சியாக வந்து நிற்பதற்காக அவர் சாகவில்லை.

பள்ளிக்கூடங்களைத் திறக்கவில்லை. ஊரடங்கு வந்தது. சந்தியில் ஆமிக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கினார்கள். ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, சாமான்களைத் திறந்து பார்த்து, பிறகு ஏற்றினார்கள். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பயம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் திறப்பதாகச் சொன்னபோது, வாசல் கேட்டில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக மாணவர்கள் உள்ளே இருப்பது வெளியே தெரியும் புத்தகப்பைகளை மட்டுமே கொண்டுவர வேண்டும். கணினியில் அடித்த இரண்டே வரி. கீழே கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. அறிவித்தல் ஒட்டிய அன்றைக்கே கடைத்தெருவில் ஒரு பெரிய கடையின் முகப்பில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பைகள் வரிசையாகத் தொங்கின. அந்தக் கடை முதலாளி பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். நான் குற்றம் சொல்லவில்லை. கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் கடைச் சுவரில் முப்பத்திரண்டு பைகள் தைத்து முடித்துத் தொங்கின. கொண்டுபோனவர்கள் சிலரும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு தாய் பையை மேசையில் வைத்துவிட்டு, "ஒங்க மேல பிழை இல்ல தங்கச்சி. ஆனா வாசல்ல புள்ளைய நிப்பாட்டிட்டா நான் என்னா செய்ய?" என்றார். பையை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே கடையைச் சோதிக்க வந்தார்கள். ஒரு பொலிஸ்காரர், இரண்டு ஆமிக்காரர்கள். சுவரில் தொங்கிய ஒவ்வொரு பையையும் இறக்கி, கையை விட்டுப் பார்த்து, தரையில் போட்டார்கள். பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்: "இவ்வளவு பேக் எதுக்கு வச்சிருக்க?"

"இது பேக் கடை மாத்தயா," என்றேன் நானும் சிங்களத்தில். "வேற என்ன இருக்கணும்?"

ஆமிக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அவர்கள் போகும்போது, கடைசியாகப் பார்த்த பையை அந்த ஆமிக்காரர் தரையில் போடாமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் ஸிப்பும் துணியும் வாங்குவது கடைத்தெருவின் மறுகோடியில் இருந்த ஒரு முஸ்லிம் கடையில். நானா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் கல்யாணங்களுக்கு முப்பது வருடமாகச் சேலை கொடுத்தவர். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று செய்தி வந்த பிறகு அவருடைய கடையை ஒரே மாதத்தில் மூன்று தடவை புரட்டிப் போட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று தடவை பொலிஸ் ஏறிய கடைக்குள் போக ஆட்கள் பயந்தார்கள். நான் ஸிப் வாங்கப் போனபோது அவர் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பின் கதவால வாங்க புள்ள," என்றார். "முன்னால வந்தா ஒங்களுக்குத்தான் கரைச்சல்."

"ஸிப் வாங்க எதுக்கு நானா பின் கதவு?" என்று கேட்டேன். முன் கதவால்தான் போனேன், முன் கதவால்தான் வந்தேன். எதிர்க் கடையில் நின்ற இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் போனது. எங்களுக்கு ஒரு வேலையும் வரவில்லை. அக்கா ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் புள்ள, நாமளும் அந்தக் கண்ணாடி பேக்கையே தச்சுக் குடுத்தா என்னா? கேக்குறத குடுக்குறதுதானே யாவாரம்."

எனக்கு மனமில்லை. ஆனால் அவருடைய வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். என் வீட்டிலும்தான். நானாவிடம் மேசை விரிப்புக்கு விற்கும் கனமான பிளாஸ்டிக் இருந்தது. அதை வாங்கி வந்து பன்னிரண்டு பை தைத்தோம். தைக்கும்போதே அந்தச் சாமான் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. துணி என்றால் ஊசி போன வழியை நூல் அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் ஊசி ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். கொஞ்சம் இழுத்தால் தபால் முத்திரைத் தாள் மாதிரி வரிசையாகக் கிழியும். காலைக் குளிரில் அது விறைத்து மட்டை மாதிரி நிற்கும். பிள்ளை வெயிலில் நடந்தால் உள்ளே வேர்த்துக் கொப்பி ஈரமாகும். எங்கள் பிள்ளைகள் வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறவர்கள் இல்லை. மேல் டிவிஷனிலிருந்து தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் நடந்து இறங்குகிறவர்கள். பனியும் மழையும் அவர்களுடைய பையில்தான் இறங்கும்.

பன்னிரண்டும் விற்றுப்போயின. ஒன்றை அக்கா தன் மகளுக்குக் கொடுத்தார்.

மகள் அப்போது பத்தாம் வகுப்பு. படிப்பில் கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள். அடுத்த வாரம் அவள் வகுப்பு முடிந்து கடைப்பக்கமாக வந்தபோது பையை முதுகில் போடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். பையின் உட்பக்கம் முழுக்கப் பழைய பத்திரிகைத் தாளை மடித்து வைத்திருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் பத்திரிகைச் செய்தியும் கல்யாண விளம்பரமும்தான் தெரிந்தன.

"எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காங்க," என்றாள். "பொம்பளப் புள்ளைங்க எல்லாரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

பைகளைச் சோதிக்கப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தியிருந்த பெற்றோர் குழுவினர் மறுநாள் அந்தத் தாள்களை எல்லாம் உருவி எறியச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே தெரியத்தானே கண்ணாடிப் பை, தாள் வைத்தால் எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயம்தான், அந்த அறிவித்தல் நியாயம் என்றால். அதற்கு அடுத்த நாள் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றாள். அதற்கடுத்த நாளும் போகவில்லை. அக்கா அதட்டிக் கேட்டபோதுதான் சொன்னாளாம். மாத நாட்களில் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதை எங்கே வைப்பது? அவளுடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பையைப் பார்த்து வாசலில் யாரோ ஏதோ சொல்ல, பின்னால் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. இவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மகள் இதைச் சொன்ன மறுநாள் காலை அக்கா கடைக்கு வந்ததும் மீதமிருந்த பிளாஸ்டிக்கைச் சுருட்டினார். சுருட்டி, கயிறு கட்டி, மூலையில் சாத்தினார்.

"இனிமே இத நான் வெட்ட மாட்டேன்," என்றார். "பட்டினி கெடந்தாலும் வெட்ட மாட்டேன்."

"நான் தைக்கவும் மாட்டேன்," என்றேன்.

அன்றைக்கே நான் அதிபரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர்தான், பயந்தவர். "நான் என்ன செய்ய? பொலிஸ் சொல்றாங்க," என்றார். பொலிசுக்குப் போனேன். பொறுப்பதிகாரியான ஓஐசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "நங்கி, பேக்கைத் திறந்து பாக்கச் சொன்னோம். என்ன பேக்குன்னு நாங்க சொல்லலையே. அது கல்விக் கந்தோர் வேலை." ஹட்டனுக்கு பஸ் ஏறிக் கல்வி அலுவலகமான அந்தக் கந்தோருக்குப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு அலுவலர், "அப்படிக் கட்டாயம்னு நாங்க சுற்றறிக்கை அனுப்பல. பாடசாலையே எடுத்த முடிவா இருக்கும்," என்றார்.

பள்ளிக்கூடம் பொலிசைக் காட்டியது, பொலிஸ் கந்தோரைக் காட்டியது, கந்தோர் பள்ளிக்கூடத்தைக் காட்டியது. ஒரு வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டேன். அந்த வட்டத்துக்குள் எந்த இடத்திலும் ஒரு கையெழுத்து இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கோபம் வந்தது. அதுவரை எனக்கு இருந்தது மனவருத்தம்தான். பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கு என்று நாடு ஒரு கட்டளை போட்டால் என் கடையைப் பூட்டிக்கொண்டு கீழ்ப்படிவேன். ஆனால் யாருமே போடாத கட்டளைக்கு என் கடையை எதற்குப் பூட்ட வேண்டும்?

அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. ஒரே கேள்வி: கண்ணாடிப் பை மட்டும்தான் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது யார், அந்த உத்தரவின் பிரதி எனக்குத் தர முடியுமா? பதிவுத் தபாலில் போட்டேன். கடிதம் கிடைத்ததற்கான அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. வாசலில் நிற்பவர்களின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தோம். அவர்களுக்கு என்ன வேண்டும்? சீக்கிரம் பார்க்க வேண்டும், முழுதாகப் பார்க்க வேண்டும். சாதாரணப் பையில் வாய் மேலே மட்டும்தான் திறக்கும். கையை விட்டுத் துழாவ வேண்டும். அக்கா ஒரு பையின் ஸிப்பைப் பிரித்து, மூன்று பக்கமும் கீழ்வரை ஓடுகிற மாதிரி நீளமான ஸிப் வைத்து வெட்டிக் கொடுத்தார். இழுத்தால் பை புத்தகம் மாதிரி விரியும். உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். பெண்பிள்ளைகளின் சாமானுக்கு உள்ளே மூடியோடு ஒரு சின்ன உறை வைத்தோம். சந்தேகம் என்றால் பெண் யாராவது தடவிப் பார்க்கட்டும். நான் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பையைத் திறந்து, பார்த்து, மூட, பத்து வரை எண்ணும் நேரம் ஆனது. சுவரில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக இறக்கி மாற்றினோம். அதற்கான ஸிப் முழுவதையும் நானா எடுத்துக் கொடுத்தார்.

அந்த மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நான் அக்காவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றி அதிபர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன்.

"சேர், நான் எழுதின கடிதத்துக்குப் பதில் கிடைக்கல," என்றேன்.

அதிபர் என்னைப் பார்த்தார். "ஒங்க பிள்ளை எத்தனையாம் வகுப்பு?"

"எனக்குப் பிள்ளை இல்ல சேர். இன்னும் கல்யாணம் கட்டல."

"இது பெற்றோர் கூட்டம். மத்தவங்க பேச முடியாதும்மா."

பொருளாளர் மேடையிலிருந்தே சொன்னார்: "பேக் விக்க வந்திருக்காங்க சேர்." சிலர் சிரித்தார்கள். யாரோ ஒருவர், செத்தவங்க வீட்டுல போய்க் கேளுங்க என்றார். நின்றுகொண்டே இருந்தேன்.

அக்கா எழுந்தார். பத்து வருடம் பெரட்டில் நின்று ஒரு நாளும் வாய் திறக்காதவர்.

"எம்புள்ள பத்தாம் வகுப்பு சேர்," என்றார். "நான் பேசலாமா?"

அதிபர் பதில் சொல்வதற்குள் அவர் நடந்து முன்னால் போய்விட்டார். கையில் நாங்கள் கொண்டுவந்திருந்த இரண்டு பைகள். ஒன்று கண்ணாடிப் பை, ஒன்று எங்களுடையது. கண்ணாடிப் பை நிறையப் புத்தகம் இருந்தது. அதைப் பொருளாளருக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"உள்ளுக்கு என்னா இருக்குன்னு சொல்லுங்க முதலாளி."

"புஸ்தகம்."

"வேற?"

பொருளாளர் குனிந்து பார்த்தார், பையைத் திருப்பிப் பார்த்தார். "புஸ்தகந்தான். சாப்பாட்டுப் பெட்டி."

அக்கா பையைத் திறந்து, இரண்டு புத்தகத்துக்கு நடுவிலிருந்து துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சாணுக்கு மேல் நீளமான கத்தரிக்கோல்.

"இந்த பேக்குல தெரிய வேண்டியது தெரியல," என்றார் அக்கா. "பொம்பளப் புள்ள மறைக்க வேண்டியது மட்டும் நல்லாத் தெரியுது. எம்புள்ள ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வரல. ஏன் வரலன்னு யாராச்சும் கேட்டீங்களா? மத்த பேக்க நீங்களே தெறங்க சேர். தெறந்து பாருங்க. வேணாம்னு நாங்க சொல்லல. ஆனா தெறந்து பாருங்க, தெருவுக்கே காட்டச் சொல்லாதீங்க."

எங்கள் பையின் ஸிப்பை ஒரே இழுப்பில் இழுத்து, மேசை மேல் விரித்துக் காட்டினார். அப்போது நடுவரிசையில் ஒரு தாய் எழுந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். "எம்மகளும் அழுதா சேர்," என்றார். பிறகு இன்னொருவர் எழுந்தார். தகப்பன்மார் நிலத்தைப் பார்த்தார்கள்.

"நான் என் இஷ்டத்துக்குச் செய்யல," என்றார் அதிபர். "மேலிடத்து உத்தரவு."

"அந்த உத்தரவ எழுத்துல காட்டுங்க சேர்," என்றேன் நான், பேசக்கூடாது என்று சொன்ன பிறகும்.

"போன்லதான் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

அதிபர் தேநீர் வந்திருப்பதாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. தேநீர் குடிக்கும்போதே ஏழு தாய்மார் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு பிள்ளைகள் எங்கள் பைகளோடு வாசலுக்குப் போனார்கள். அக்காவின் மகள் முன்னால் நடந்தாள். நாங்களும் தாய்மாரும் ரோட்டின் மறுபக்கத்தில் நின்றோம். பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு நாங்கள் பின்னால் நிற்கிறோமே என்று நினைத்தேன். ரோட்டைத் தாண்டி வாசலருகே நிற்க எங்களை விடவும் மாட்டார்கள்.

பெற்றோர் குழுவில் இருந்த ஒருவர் கையை நீட்டி மறித்தார். "இந்த பேக் ஏலாது. திரும்பிப் போங்க."

அக்காவின் மகள் அவரைத் தாண்டி, பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் போனாள். என் கடையைச் சோதிக்க வந்த அதே பொலிஸ்காரர். அவர் முன்னால் பையைத் தரையில் வைத்து, ஸிப்பை இழுத்து விரித்தாள். அவர் பார்த்தார். பத்து வரை எண்ணும் நேரம்கூட ஆகவில்லை. சரி, போ என்று சிங்களத்தில் சொன்னார்.

குழுக்காரர் விடவில்லை. "சேர் கண்ணாடி பேக்தான் வேணும்னு சொல்லியிருக்காரு."

"எனக்கு அப்படி ஓடர் இல்லை," என்றார் பொலிஸ்காரர். "பேக்கைப் பார்க்கத்தான் ஓடர். பார்த்தாச்சு."

ஏழு பேரும் உள்ளே போனார்கள். பிறகு என்னைப் பார்த்து அவர் தலையாட்டினார் என்றெல்லாம் எழுத ஆசைதான். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த பையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதிபர் அந்த ஏழு தாய்மாரையும் அழைத்து, பிள்ளைகளின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவேன் என்றார். ஏழு பேரும் ஒன்றாகப் போய், அதை எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. பெயரை வெட்டவும் இல்லை. ஆடிக் காற்றும் மழையும் தொடங்கியதும் கண்ணாடிப் பைகள் தோள்பட்டியோடு பிய்ந்து வர ஆரம்பித்தன. மூன்றாம் தவணை தொடங்கியபோது வாசலில் எல்லா விதமான பைகளும் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் சொன்னது சரி என்று பள்ளிக்கூடம் ஒருநாளும் சொல்லவில்லை. அறிவித்தலைக் கிழிக்கவும் இல்லை. மழையில் அது தானாக எழுத்தழிந்துபோனது.

எங்களுக்கும் அது சும்மா முடியவில்லை. எங்கள் கடைக்கு வியாபார அனுமதிப் பத்திரம் இல்லை என்று யாரோ பெட்டிஷன் போட்டார்கள். உண்மைதான், எங்களிடம் இருக்கவில்லை. கடைத்தெருவில் பாதிப் பேரிடம் இருக்கவில்லை. ஆனால் எங்களிடம்தான் கேட்டார்கள். அதை எடுப்பதற்கு ஆறு தடவை அலைந்தேன். அந்த நாட்களில் கதவைச் சாத்திவிட்டு மெஷினை அக்காவின் ஒற்றை அறை லயத்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போய், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தோம். பத்திரம் கிடைத்ததும் கண்ணாடி போட்டு, வாசலைப் பார்க்கிற மாதிரி மாட்டினேன். கடைத்தெருவில் அதற்குப் பிறகு நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். எப்படி எடுப்பது என்று என்னிடம்தான் கேட்டார்கள். பெட்டிஷன் போட்டவரும் அதில் இருந்திருக்கலாம்.

நானாவின் கடை அடுத்த வருடம் மூடப்பட்டது. சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு மகளின் ஊருக்குப் போய்விட்டார். புறப்படுவதற்கு முன் ஒரு பெட்டி நிறைய ஸிப்பை எங்கள் கடையில் வைத்துவிட்டு, "ஒங்களுக்குத்தான் உதவும்," என்றார். கண்ணாடிப் பைக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவள் நான். அவருடைய கடையை ஏன் மூன்று தடவை புரட்டினீர்கள், அந்த உத்தரவை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்க ஒரு தடவைகூட நான் பொலிஸ் படி ஏறவில்லை. முன் கதவால் போய் வந்ததோடு என் வீரம் முடிந்துவிட்டது. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவின் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா யாரு பேரும் போடாதீங்க," என்றாள்.

இந்த வருடம் பொலிசில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. கடைத்தெருவில் எல்லாக் கடைகளுக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வந்து போகிறார்கள் என்று இரண்டு பக்கம். முழுவதும் சிங்களத்தில். கடைக்காரரும் வேலையாளும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஓஐசி புதியவர், இளவயது.

"நங்கிக்குத்தான் சிங்களம் நல்லா வருதே," என்றார்.

"எனக்கு வரும் மாத்தயா. என்கூட வேலை செய்றவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அவங்களும் கையெழுத்துப் போடணும்னு இதுல இருக்கு. தமிழ்ல குடுங்க. வாசிச்சுட்டுப் போடுறோம்."

"தமிழ்ல இன்னும் வரல."

"வரும்போது போடுறோம்."

"ஏன் நங்கி எல்லாத்துக்கும் சண்டை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். சண்டை இல்லை, வாசிக்காததில் கையெழுத்துப் போடும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போய்விட்டது என்றேன். அடுத்த வாரம் வரச் சொன்னார். போனேன். தமிழ்ப் படிவம் வந்திருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் போனேன். வாசல் மேசையில் இருந்த பொலிஸ்காரி என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய், தமிழ்ப் படிவம் கேட்கிற அம்மா திரும்பவும் வந்திருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.